கல்லூரியில் விஞ்ஞானம் கசப்பது ஏன்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் என்றால் திருப்பதியில் மொட்டை மாடிகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே ஒரு நெருப்புப் புள்ளி எழும்பி வளைந்து செல்வதை இங்கிருந்தே பார்க்கலாம். 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2 மணி 35 நிமிடத்திற்கு சந்திரயான்-3 கிளம்பியபோது, அந்த வெயிலிலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் மாடியில்தான் நின்றார்கள். குழந்தைகள் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. ராக்கெட் ஏன் நேராகப் போகாமல் வளைகிறது, நிலாவுக்குப் போக ஏன் நாற்பது நாள் ஆகிறது என்றெல்லாம் துளைத்து எடுத்துவிட்டார்கள்.

அதே தெருவில் பி.எஸ்.ஸி. படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் எதுவும் கேட்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

பத்து வயதில் இருந்த ஆசை பத்தொன்பது வயதில் எங்கே போயிற்று என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். திருப்பதியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதில் ஒரு விசேஷமும் உண்டு. 2022இல் மாவட்டங்களைப் பிரித்த பிறகு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஏர்ப்பேடு பக்கம் ஐ.ஐ.டி.யும், விஞ்ஞானக் கல்விக்கென்றே ஏற்பட்ட ஐசர் நிறுவனமும் இருக்கின்றன. இரண்டும் 2015இல் தொடங்கியவை. சித்தூர் போகும் சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் நடக்கிறது. வட்டார விஞ்ஞான மையம் 1993இல் வந்தது. இத்தனையும் சுற்றி இருக்க, விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் விஞ்ஞானம் கசக்கிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டாமா?

நான் பேராசிரியன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து 1982இல் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பாகாலா, ரேணிகுண்டா, சித்தூர் என்று இந்தப் பக்கமே சுற்றி 2019இல் ஓய்வு பெற்றவன். நான் சேர்ந்தபோது காட்பாடி - பாகாலா மார்க்கம் மீட்டர் கேஜ். ஓய்வுக்குப் பின் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது, ஆகவே பிள்ளைகள் என்னிடம் ஒளிவு மறைவின்றிப் பேசுவார்கள். கீழே எழுதுவதெல்லாம் அந்தத் திண்ணையில் தெரிந்துகொண்டதே.

முதலில் தண்டவாளத்திலிருந்தே தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான்.

நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம்: வெப்பத்தால் இரும்பு விரிவடையும், ஆகவே தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே இடைவெளி விடுகிறார்கள் என்று. அது அன்று சரி. 13 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, 40 டிகிரி உஷ்ணம் ஏறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அந்த இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் 'தடக் தடக்' என்று சத்தம் வந்தது. பி.எஸ்.ஸி. இரண்டாம் ஆண்டு பையன் ஒருவன் ஒரு நாள் என்னிடம் வந்து, "தாத்தா, திருப்பதி ஸ்டேஷனைத் தாண்டி ரொம்ப தூரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். இடைவெளியே இல்லையே?" என்றான். தன் கல்லூரியிலும் கேட்டிருக்கிறான். "பரீட்சையில் இடைவெளி உண்டு என்றே எழுது" என்று பதில் வந்ததாம்.

எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. முப்பத்தேழு வருடம் நான் செய்த வேலையே அவன் கேட்ட கேள்விக்குள் இருக்கிறது. இன்று முக்கிய மார்க்கங்களில் தண்டவாளங்களைப் பற்றவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கி விடுகிறோம். ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைச் சும்மா வெயிலில் போட்டால், 40 டிகிரிக்கு 46 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம், நீண்டாக வேண்டும். ஆனால் பாதையில் கிடக்கும் தண்டவாளம் நீளுவதில்லை. கான்கிரீட் ஸ்லீப்பரும், அதைக் கவ்வும் கிளிப்பும், சுற்றிக் கொட்டியிருக்கும் ஜல்லியும் அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத இரும்பு அந்தத் தவிப்பை விசையாக உள்ளே வைத்துக்கொள்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 1.9 டன் விசை சேரும். பற்றவைத்து இறுக்கிய நாளின் உஷ்ணத்தைவிட 30 டிகிரி ஏறினால் 57 டன். ஒரு தண்டவாளத்தின் மேல் பன்னிரண்டு யானைகள் நீளவாட்டில் முட்டித் தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கோடியிலும் நூறு மீட்டர் அளவுக்குத்தான் அசைவு இருக்கும். அதற்கென்று அங்கே விரிவு மூட்டு வைப்போம். நடுப்பகுதி அசையாது.

இதில் இறுக்கும் நாளின் உஷ்ணம்தான் சூட்சுமம். அந்த ஊரின் தண்டவாள உஷ்ணம் வருடத்தில் மிகக் கீழே எவ்வளவு, மிக மேலே எவ்வளவு என்று பார்த்து, நடுவுக்குச் சற்று மேலான உஷ்ணத்தில் இறுக்க வேண்டும். மிகக் குளிர்ச்சியில் இறுக்கினால் கோடையில் பாதை பாம்பு போல வளைந்துவிடும். மிகச் சூட்டில் இறுக்கினால் மார்கழி விடியற்காலையில் தண்டவாளம் இழுபட்டு முறியும். அதனால்தான் கோடை மதியத்தில் ஒரு ரோந்து, குளிர்கால இரவில் இன்னொரு ரோந்து. பாகாலாவில் மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கீமேன் சுத்தியலும் கொடியுமாக நடந்துபோவது இதற்குத்தான்.

இதைச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பையன் போகவே இல்லை. மறுநாள் வந்து, அந்த 57 டன்னைத் தானே கணக்குப் போட்டுக் காட்டினான். அவன் பாடப் புத்தகத்தில் இருந்த யங் குணகமும், நீள்விரிவுக் குணகமும், குறுக்குப் பரப்பும் பெருக்கினால் அந்த எண் வந்துவிடுகிறது. மூன்றும் வேறு வேறு பாடங்களில், வேறு வேறு செமஸ்டரில் அவன் மனப்பாடம் செய்தவை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேலை செய்யும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அவனிடம் இல்லாமல் போனது ஆர்வம் என்று எப்படிச் சொல்வது? கேள்வி இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க இடம்தான் இல்லை.

என் எண்ணம் இதுதான். விஞ்ஞானத்தில் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவதில்லை. புத்தகத்தில் உள்ளதும் கண் முன்னே உள்ளதும் சந்திக்கும் இடங்களை ஒவ்வொன்றாக நாம் மூடிவிட்டோம். மூடியது கல்லூரியில்கூட அல்ல, அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில்.

ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இன்டர்மீடியட் இரண்டு வருடம். கணக்கு, பௌதிகம், ரசாயனம் எடுத்தவர்களுக்கு எம்.பி.சி. என்று பெயர். 1986இல் எம்செட் நுழைவுத் தேர்வு வந்தது. 2021இல் அதன் பெயர் ஈ.ஏ.பி.செட் என்று மாறியது. பொறியியலுக்கு அதில் 160 கேள்விகள், மூன்று மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: ஒரு கேள்விக்கு 67 வினாடி. 67 வினாடியில் விடையைக் கண்டுபிடிக்க முடியும். 'ஏன்' என்று கேட்க முடியாது. ஆகவே கேட்காமல் இருக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். விடுதியோடு கூடிய கல்லூரிகளில் விடிகாலையிலிருந்து இரவு வரை அந்தப் பயிற்சிதான். நன்றாகப் பயிற்சி பெற்ற பிள்ளை நல்ல ராங்க் வாங்குகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. நம் வீடுகளிலேயே அப்படி வந்து, இன்று ஹைதராபாத்திலும் அமெரிக்காவிலும் நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

செய்முறைக்கு என்ன இடம்? பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த திட்டப்படி இன்டர்மீடியட்டில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் பௌதிகச் செய்முறைக்கு 30, ரசாயனச் செய்முறைக்கு 30. ஆயிரத்தில் அறுபது. இரண்டாம் மொழிக்கு மட்டும் 200. (அந்த 200-க்காக வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுகிற பிள்ளை சமஸ்கிருதம் எடுப்பது இன்னொரு கதை. எழுத்தே தெரியாமல் 190-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளை நான் அறிவேன்.) அறுபது மதிப்பெண்ணுக்காக யார் ஒரு ஆய்வறையை வருடம் முழுவதும் திறந்து வைப்பார்கள்? பல இடங்களில் பரீட்சைக்கு முந்தைய மாதம்தான் தூசி தட்டுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு அண்ணன் அக்காவிடமிருந்து வந்துவிடும்.

இந்த ரெக்கார்டு நோட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தனி ஊசல் சோதனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது. விடை 980 என்று எல்லா நோட்டிலும் இருக்கும். இருபது நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருபதிலும் 980, அல்லது 979.8. உண்மையில் திருப்பதி, சித்தூர் பக்கம் அந்த எண் 978-ஐ ஒட்டியது. பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு, துருவத்தில் 983. ஆகவே நோட்டில் இருப்பது நம் ஊர் எண்ணே அல்ல! சரி, நூலும் நிறுத்துக் கடிகாரமும் வைத்துக்கொண்டு 978-க்கும் 980-க்கும் வித்தியாசம் காண முடியாது என்பதும் உண்மையே. நேர்மையாக அளந்தால் ஒருவனுக்கு 965 வரும், இன்னொருவனுக்கு 990 வரும். இருபது பேருக்கும் 980 வந்திருக்கிறது என்றால் இருபது பேரும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதே சோதனையை என் திண்ணைக் கொக்கியில் ஒரு பெண் செய்தாள். அவளுடைய குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வந்து, பிறகு திருப்பதிக்கு வந்தது. பி.எஸ்.ஸி. இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டில் அடம் பிடித்தாள். அவள் அப்பா என்னிடம் வந்து, "சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு நூலையும் குண்டையும் கொடுத்தேன். முதல் நாள் 966 வந்தது. "தப்பு தாத்தா, 980 வரணும்" என்றாள். "வரணும் என்று யார் சொன்னது? அளந்தது நீதானே, எங்கே போயிற்று மிச்சம் என்று நீயே தேடு" என்றேன். மூன்று நாள் தேடினாள். கொக்கியிலிருந்து குண்டின் மேல் விளிம்பு வரை நீளத்தை அளந்திருக்கிறாள். குண்டின் நடு வரை அளக்க வேண்டும். குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டர். ஒரு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நூற்றில் ஒரு பங்கு. அதைச் சேர்த்ததும் 976 ஆயிற்று. அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் 980 என்று எழுதியபோது அவளுக்கு இந்த மூன்று நாள் கிடைத்திருக்காது. விஞ்ஞானம் என்பது அந்த மூன்று நாள்தான்.

அவள் ஏன் நிறுத்த நினைத்தாள் என்பது பிறகு பேச்சுவாக்கில் வெளிவந்தது. பாடம் கஷ்டம் என்பதல்ல. "யாரைப் பார்த்தாலும், எம்செட்டில் ராங்க் வரலையா, அதனால பி.எஸ்.ஸி.யா என்று கேட்கிறார்கள், தாத்தா" என்றாள்.

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1990களின் கடைசியிலிருந்து ஆந்திரத்தில் பொறியியல் கல்லூரிகள் பெருகின. கம்ப்யூட்டர் வேலைகள் பெருகின. 2008 வாக்கில் ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை அரசே திருப்பித் தரும் திட்டம் விரிவாக வந்தது. நல்ல திட்டம், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் பி.டெக். படிக்க முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு பி.எஸ்.ஸி. என்பது 'மிச்சம்' என்று பெயர் வாங்கிவிட்டது. விரும்பிச் சேர்ந்த பிள்ளையையும் மிச்சமாகத்தான் பார்க்கிறார்கள். மிச்சம் என்று நினைக்கப்படுகிற இடத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு உற்சாகம் வரும்?

நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இதில் அவசரம் அதிகம். இங்கே நமக்கு நிலம் கிடையாது, மாமன் மச்சான் கடை கிடையாது. பிள்ளை இருபத்திரண்டு வயதில் சம்பாதித்தாக வேண்டும். அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அந்தக் கவலையால்தான் டிப்ளமா படித்தவன். அது நேற்று வந்த கவலையும் அல்ல. சர் சி.வி. ராமன் 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த கையோடு அரசு நிதித் துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்து கல்கத்தாவுக்குப் போனார். விஞ்ஞானத்தில் அன்று பிழைப்பு இல்லை. பத்து வருடம் ஆபீசுக்கு முன்னும் பின்னும் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வறையில் வேலை செய்தார். 1917இல் பேராசிரியர் பதவி வந்தபோதுதான் ஆபீசை விட்டார். 1928இல் ராமன் விளைவு, 1930இல் நோபல் பரிசு. பிழைப்புக்குப் பயந்தவரும் விஞ்ஞானத்தை விடாமல் இருந்திருக்கிறார். அவருக்கு மாலையில் போவதற்குத் திறந்த ஓர் ஆய்வறை இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது மொழி. இது நம் வீடுகளுக்கே உரிய சங்கடம். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே படித்த பிள்ளை 'வேகம்' என்றால் எவ்வளவு விரைவு என்று படித்திருக்கும். திசையும் சேர்ந்தால் 'திசைவேகம்'. தெலுங்குப் பாடப் புத்தகத்தில் விரைவுக்கு 'வடி' என்று பெயர். 'வேகம்' என்றாலே திசையோடு கூடியது. ஒரே சொல், இரண்டு அர்த்தம்! தெலுங்கில் 'பலம்' என்றால் நாம் சொல்லும் விசை. 'சாமர்த்தியம்' என்றால் நாம் சொல்லும் திறன். வாட் கணக்கில் அளப்பது. ஒரு பையன் என்னிடம், "மோட்டாருக்கு எப்படி சாமர்த்தியம் வரும்?" என்று சிரித்தான். கேட்க வேடிக்கையாக இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேடிக்கை அல்ல.

இதற்கு மேல் கல்லூரிக்கு வந்ததும் ஆங்கிலம். 2021இல் ஆந்திர அரசு பட்டக் கல்லூரிகளில் ஆங்கில வழிக்கே மாறச் சொல்லியது. வேலைக்கு ஆங்கிலம் தேவை என்பது சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை கேள்வியே கேட்பதில்லை. என் திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து வாய் ஓயாமல் கேட்கும் அதே பிள்ளை வகுப்பில் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருகிறது. ஆசிரியர், "இவனுக்கு ஆர்வம் இல்லை" என்கிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சரி, கண் முன்னே உள்ளதைக் காட்டினால் மாறுகிறதா? மாறுகிறது என்பதற்கு அந்தப் பெண்ணையே சொல்கிறேன். டாப்ளர் விளைவு என்றால் என்னம்மா என்று கேட்டேன். சூத்திரத்தை ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தாள். அவளையும் அவள் தம்பியையும் ஒரு சாயங்காலம் லெவல் கிராஸிங்குக்கு அழைத்துப் போனேன். நிற்காத வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, எங்களைத் தாண்டியதும் சுருதி சட்டென்று இறங்கியது. "இதுவா அது!" என்றாள். 1845இல் ஹாலந்து நாட்டில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்க்க, ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, பாதை ஓரத்தில் சுருதி தெரிந்த வித்வான்களை நிறுத்திக் கேட்கச் செய்தார். ரயில்வேக்காரனாகிய எனக்கு அதில் ஒரு பெருமை.

அங்கிருந்து காதங்கிக்கு வந்தோம், பேச்சில்தான். அந்தப் பெண் சித்தூரில் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறாள். அங்கே என்ன இருக்கிறது என்று எந்த வகுப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை. நூற்றிமுப்பது மீட்டர் சதுரத்தில், வரிசைக்கு 32 வீதம் 1024 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை, உச்ச அளவில் 2.5 மெகாவாட் சக்தியோடு, மேலே துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறார்கள். காற்றில் உள்ள சலனங்களில் பட்டு அதில் மிக மிகச் சிறு பங்கு திரும்பி வருகிறது. வந்த அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். லெவல் கிராஸிங்கில் ஹாரன் இறங்கியதே, அதே தத்துவம். இதைச் சொன்னதும் அவள் கேட்டது: "அங்கே பி.எஸ்.ஸி. படித்தவர்கள் வேலை செய்கிறார்களா, தாத்தா?"

நியாயமான கேள்வி. ஆராய்ச்சியில் நிற்க வேண்டுமென்றால் எம்.எஸ்.ஸி., அதற்கு மேல் பி.ஹெச்டி. என்று இன்னும் ஏழெட்டு வருடம் வேண்டும் என்பதை மறைக்காமல் சொன்னேன். பி.எஸ்.ஸி.யோடு நிற்கிறவர்களுக்குக் கிடைக்கும் வேலையையும் சொன்னேன். சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன அல்லவா? தோத்தாபுரி சீசனில் ஆலைக்குள் ரசாயனம் படித்த பிள்ளைகள் நாள் முழுவதும் செய்யும் வேலை என்ன தெரியுமா? ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் வைத்து, ஒளி எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள். சர்க்கரை கூடினால் ஒளிவிலகல் கூடும். அதை வைத்து 'பிரிக்ஸ்' அளவு எழுதுவார்கள். பிறகு அமிலத் தன்மை. இரண்டும் சரியாக இல்லை என்றால் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பிவிடுவான். சம்பளம் பெரிதல்ல, வேலையும் சீசனைப் பொறுத்தது. ஆனால் பாடத்தில் படித்த ஒளிவிலகல் ஒரு லாரி சரக்கின் விலையைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தவனுக்கு அந்தப் பாடம் மறக்காது.

பண உதவியும் நம் குடும்பங்களில் பலருக்குத் தெரிவதில்லை. 2008இல் மத்திய அரசு 'இன்ஸ்பயர்' என்ற உதவித்தொகையைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை விஞ்ஞானத்தில் பட்டப் படிப்பு சேரும் பிள்ளைகளுக்கு வருடம் 80,000 ரூபாய் வரை என்பது அதன் ஏற்பாடு. ஐசர் நிறுவனங்கள் 2006இலிருந்து ஏற்படுத்தப்பட்டதே, நல்ல பிள்ளைகள் விஞ்ஞானத்தை விட்டுப் போகிறார்களே என்ற கவலையால்தான். அங்கே ஐந்து வருடப் படிப்பு. முதல் வருடத்திலிருந்தே ஆய்வறை உண்டு. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. எம்செட்டுக்கு இரண்டு லட்சம் கட்டிப் பயிற்சிக்கு அனுப்பும் வீட்டில் இந்தத் தேர்வின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் படிப்பை நிறுத்தவில்லை. இப்போது மூன்றாம் ஆண்டு. எம்.எஸ்.ஸி.க்கா, வங்கித் தேர்வுக்கா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. அது அவர்கள் வீட்டு விஷயம். தண்டவாளக் கேள்வி கேட்ட பையன் விஞ்ஞானத்தை விட்டுவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். போன தடவை வந்தபோது, காட்பாடிக்கு இந்தப் பக்கம் விரிவு மூட்டு எங்கே இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்றான்.

வருகிற மே, ஜூனில் பிள்ளைகளை இன்டர்மீடியட்டிலோ பட்டப் படிப்பிலோ சேர்க்கப் போகும் பெற்றோர் நம் சங்கத்தில் பலர் இருப்பார்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வாசலில் தொங்கும் ராங்க் பட்டியலோடு திரும்பி வராதீர்கள். ஆய்வறையைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். போன வருடத்து ரெக்கார்டு நோட்டு நாலைந்து வாங்கி, ஊசல் சோதனையில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆய்வறைச் சாவி எங்கே இருக்கிறது என்று தேடவே கால் மணி நேரம் ஆயிற்று என்றால், அடுத்த கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள்.